‘ஏக் தோ தீன்’ ஸ்டெப் யாருக்குச் சொந்தம்? சரோஜ் கான் வாழ்க்கை எழுப்பும் கேள்வி

ரீல்ஸில் ஒரு டான்ஸ் வீடியோ வருகிறது. எந்தப் பாட்டு என்பது அதிலேயே இருக்கும். தட்டினால் பாடியவர் பெயரும் வந்துவிடும். சரி, அந்த ஸ்டெப்பை அமைத்தவர் யார்? பெரும்பாலும் எங்கேயும் இருக்காது.

‘பேர் போடலைன்னா என்ன இப்போ?’ என்று தோன்றலாம். ஆனால் இது மரியாதை சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, பணமும் சம்பந்தப்பட்டது. இதைப் புரிந்துகொள்ள சரோஜ் கானின் கதையிலிருந்து தொடங்கலாம்.

யார் இந்த சரோஜ் கான்?

1948-ல் பிறந்தவர். இயற்பெயர் நிர்மலா நாக்பால். பிரிவினைக்குப் பிறகு இந்தியா வந்த குடும்பம். மூன்று வயதிலேயே குழந்தை நட்சத்திரம். 1950-களின் கடைசியில் குரூப் டான்சர், அதாவது ஹீரோயினுக்குப் பின்னால் வரிசையில் ஆடும் பெண்களில் ஒருவர். நடன இயக்குநர் பி.சோகன்லாலிடம் தொழில் கற்று, அவருக்கே உதவியாளரானார்.

தனியாக நடனம் அமைத்த முதல் படம் 1974-ல் வந்த ‘கீதா மேரா நாம்’. ஆனால் பெரிய பெயர் கிடைக்க இன்னும் பத்து வருடங்களுக்கு மேல் ஆனது. ஸ்ரீதேவிக்கு ‘நாகினா’ (1986), ‘மிஸ்டர் இந்தியா’ (1987). அடுத்து மாதுரி தீட்சித்துக்கு ‘தேஸாப்’ (1988) படத்தின் ‘ஏக் தோ தீன்’. 1989-ல் ஃபிலிம்ஃபேர், நடன அமைப்புக்கென்று தனி விருதையே தொடங்கியது. அதன் முதல் விருது இந்தப் பாட்டுக்காக இவருக்குத்தான்.

தேசிய விருது மூன்று முறை: ‘தேவதாஸ்’, ‘ஜப் வி மெட்’, நடுவில் ஒரு தமிழ்ப் படம். தேவதாசி ஒருவரின் வாழ்க்கையைப் பேசிய ‘சிருங்காரம்’தான் அது. 2020 ஜூலை 3-ம் தேதி, 71 வயதில் மும்பையில் காலமானார்.

விருது கிடைத்தது, உரிமை கிடைத்ததா?

2018-ல் ‘பாகி 2’ படத்துக்காக ‘ஏக் தோ தீன்’ ரீமேக் செய்யப்பட்டது. ‘தேஸாப்’ இயக்குநர் என்.சந்திரா அதை வெளிப்படையாகவே எதிர்த்தார். இப்படி ஒரு ரீமேக் வரும்போது, முதலில் நடனம் அமைத்தவருக்கு சட்டத்தில் என்ன பிடி இருக்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை ‘நாடகப் படைப்பு’ என்ற வகையில் சேர்க்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அது எழுத்திலோ வேறு வடிவிலோ பதிவாகியிருக்க வேண்டும். அதே வரையறை, சினிமா படத்தை இந்த வகையில் சேராது என்றும் சொல்கிறது. படத்தின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளருக்கு. செட்டில் ஆடிக் காட்டி, கேமராவில் மட்டுமே பதிவாகும் ஸ்டெப்புக்கு உரிமை கோருவது அதனால்தான் சிக்கலாகிறது.

பாடலாசிரியருக்கு மட்டும் எப்படி?

2012-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டது. படத்துக்கு வெளியே பாட்டு பயன்படும்போது பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சேர வேண்டிய ராயல்டி பங்கை அவர்களே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது என்ற பாதுகாப்பு வந்தது. இதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் ஜாவேத் அக்தர். ‘ஏக் தோ தீன்’ பாட்டை எழுதியவரும் அவர்தான்! அந்தப் பாதுகாப்பு எழுத்துக்கும் இசைக்கும்தான். நடன அமைப்பு அதில் இல்லை.

குரூப் டான்சர்களின் நிலை?

இங்கேதான் விஷயம் இன்னும் கஷ்டம். சட்டப்படி டான்சரும் ஒரு ‘நிகழ்த்துக் கலைஞர்’. பெயர் சொல்லப்படும் உரிமை உண்டு, வணிகப் பயன்பாட்டில் ராயல்டி கேட்கவும் வழி உண்டு. ஆனால் 2012 திருத்தம் ஒரு விதிவிலக்கும் வைத்தது. படத்தில் ஒருவரின் பங்கு தற்செயலானது அல்லது துணையானது, தொழில் வழக்கப்படி டைட்டிலில் பெயர் வராது என்றால், அவர் அந்தக் கணக்கில் சேரமாட்டார். தன் நடனத்தை யாராவது திரித்துப் பெயரைக் கெடுத்தால் தடுக்கும் உரிமை மட்டும் மிஞ்சும்.

யோசித்துப் பாருங்கள். வழக்கமாகப் பெயர் போடுவதில்லை என்பதே, உரிமை இல்லை என்பதற்கான ஒரு காரணமாகவும் ஆகிறது.

வெளிநாட்டில்?

அமெரிக்கச் சட்டம் நடன அமைப்பைத் தனி வகையாகவே ஏற்கிறது. தன் ஸ்டெப்பை ‘ஃபோர்ட்நைட்’ கேமில் பயன்படுத்தியதாக கைல் ஹனகாமி என்ற நடன இயக்குநர் வழக்கு போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததை 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு சமரசத்தில் முடிந்தது. சில நொடி அசைவுதானே என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை இந்த வழக்கு காட்டியது.

அப்போ என்ன செய்யலாம்?

ஒப்பந்தம் போடும்போதே நடன அமைப்பைத் தனி வீடியோவாகவோ குறிப்பாகவோ பதிவு செய்து, யாருக்கு எந்த உரிமை என்று எழுதிக்கொள்வது முதல் படி. குரூப் டான்சர்கள் அத்தனை பேரின் பெயரையும் டைட்டிலில் போடுவது அடுத்தது. இதற்குச் சட்டத் திருத்தம்கூட தேவையில்லை, தயாரிப்பாளர்கள் மனது வைத்தால் போதும்.

சரோஜ் கான் பின்வரிசையிலிருந்து முன்னால் வந்தார். எல்லோருக்கும் அது வாய்க்காது. பின்வரிசையிலேயே நின்றுவிடுபவருக்கும் பெயராவது கிடைக்க வேண்டும்.