நாக்கில் வாழும் பாக்டீரியா... எல்லாத்தையும் அழிச்சே ஆகணுமா?

'99.9 சதவீத கிருமிகளை அழிக்கும்' - மவுத்வாஷ் விளம்பரம்னாலே இப்படி ஒரு வரி வந்துடும். ஆனா, நாக்கில் இருக்கும் பாக்டீரியா எல்லாமே எதிரிகள்தானா? இல்லை என்கின்றன ஆய்வுகள். ஏன்? பார்க்கலாம்.

எப்படி அடையாளம் காண்கிறார்கள்?

முன்பு நாக்கில் இருந்து மாதிரி எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பார்கள். சிக்கல் என்னன்னா, பல வகைகள் அங்கே வளரவே வளராது. இப்போது '16எஸ்' என்ற மரபணுவைப் படித்தே வகையைச் சொல்லிவிடுகிறார்கள். பாக்டீரியாவுக்கு அது கிட்டத்தட்ட அடையாள அட்டை மாதிரி.

நல்ல நாக்கில் யார் அதிகம்?

2003-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாய் துர்நாற்றம் இல்லாதவர்களின் நாக்கில் 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சலிவேரியஸ்' அதிகமாக இருந்தது. துர்நாற்றம் உள்ளவர்களிடம் பெரும்பாலும் அது இல்லை. அதாவது, பாக்டீரியா இருப்பது பிரச்னை இல்லை; எது இருக்கு என்பதுதான் விஷயம்.

2020-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஒவ்வொரு வகைக்கும் ஒரு நிறம் கொடுத்துப் படம் பிடித்தது. நாக்கில் இருந்து உதிரும் செல்லைச் சுற்றி பாக்டீரியாக்கள் கூட்டமாக வாழ்வது தெரிந்தது. செல்லை ஒட்டி ஆக்டினோமைசஸ், வெளி ஓரத்தில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், இடையே திட்டுத் திட்டாக ரோத்தியா. ஏரியா பிரிச்சுக் குடியிருக்கிற மாதிரி!

ரத்த அழுத்தத்துக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

கீரை, பீட்ரூட்டில் நைட்ரேட் இருக்கிறது. அது ரத்தத்தில் கலந்து, உமிழ்நீர் வழியாக மீண்டும் வாய்க்கு வரும். அதை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கு பாக்டீரியாக்கள்தான். விழுங்கிய பிறகு உடலுக்குள் அது நைட்ரிக் ஆக்சைடாகி, ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது.

லண்டனில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான 19 பேர் ஒரு வாரம் கிருமிநாசினி மவுத்வாஷ் பயன்படுத்தினார்கள். ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 புள்ளி வரை கூடியது. சின்ன ஆய்வுதான், ஆனாலும் யோசிக்க வைக்கிறது.

அப்போ என்ன செய்யலாம்?

பல் துலக்குவதையோ, நாக்கை மென்மையாக வழிப்பதையோ நிறுத்த வேண்டாம். பல் மருத்துவர் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்திருந்தால், சொன்ன நாட்கள் வரை பயன்படுத்துங்கள். பிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஆனால் யாரும் சொல்லாமலே, கடையில் வாங்கிய கிருமிநாசினி மவுத்வாஷை மாதக்கணக்கில் பயன்படுத்துகிறீர்களா? அது தேவையான்னு மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுடுங்க.