அடுக்குக் கட்டில்: செய்பவரே சோதிப்பவரும் ஆக வேண்டும்

சிகிச்சை முடிந்து குழந்தையை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் எங்களிடம் உணவைப் பற்றிக் கேட்கின்றனர். மருந்து வேளையைப் பற்றிக் கேட்கின்றனர். குழந்தை எதன்மீது உறங்கப் போகின்றது என்பதைப் பற்றிக் கேட்போர் மிகச் சிலரே. பள்ளி செல்லும் வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை. அதன் நாளில் ஏறத்தாழப் பாதி கட்டிலிலேயே கழிகின்றது என்றால், அக்கட்டிலும் எங்கள் அக்கறைக்கு உரியதே.

ஒரே சிறிய அறையில் இரு குழந்தைகள் வளரும் வீட்டில் அடுக்குக் கட்டில் நல்லதொரு தீர்வு. அதனைக் கடையில் வாங்குவதினும், தச்சரின் துணையோடு வீட்டிலேயே செய்வது மேல் என்பது என் கருத்து. எந்த மரம், எந்தப் பசை, எந்தப் பூச்சு என்பதை நாமே அறிந்திருப்போம். பிள்ளைகள் வளர்ந்து முடியும்வரை அது உழைக்கும். ஆயினும் வீட்டுக் கட்டிலுக்கு ஒரு குறை உண்டு. அதனைச் சோதித்துப் பார்த்த பின்னரே பயன்படுத்தலாம் என்று சொல்ல வெளியார் எவரும் இல்லை. அப்பொறுப்பையும் செய்பவரே ஏற்க வேண்டும்.

இதனை நான் என் வீட்டிலேயே கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மக்கள் இருவருக்காக நானும் ஒரு தச்சரும் சேர்ந்து தேக்கில் கட்டில் செய்தோம். மேல்தட்டில் 10 அங்குல உயரத் தடுப்பு வைத்தோம். பின்னர் வாங்கிய மெத்தையின் கனமோ 8 அங்குலம். எஞ்சிய தடுப்பு இரண்டே அங்குலம். மூன்றாம் மாதத்தில் ஓரிரவு மூத்தவன் உறக்கத்தில் புரண்டு விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டான். நான் பணிபுரியும் இதே குழந்தைகள் பிரிவிற்கு அவனைத் தூக்கி வந்தேன். மரத்திலும் குறையில்லை, தச்சர் வேலையிலும் குறையில்லை. தடுப்பின் உயரத்தை மெத்தையிலிருந்து அளக்காமல் பலகையிலிருந்து அளந்த பிழை என்னுடையது.

ஆகவே முதலில் அளவுகளைச் சொல்கின்றேன். அமெரிக்க நாட்டு விதிகளின்படி, மேல்தட்டின் தடுப்பு மெத்தையின் மேற்பரப்பிலிருந்து குறைந்தது 5 அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். சுவரை ஒட்டிய பக்கத்திலும் தடுப்பு வேண்டும். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையே குழந்தை சிக்கிக்கொள்வதுண்டு. சட்டங்களுக்கு இடையிலான சந்து மூன்றரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் இடைவெளியே மிகக் கொடியது. ஆறு வயது நிறையாத குழந்தையை மேல்தட்டில் உறங்க விடுதல் கூடாது. நம் வீடுகளுக்கென இன்னும் இரண்டு சேர்ப்பேன். சுழலும் கூரை மின்விசிறி குழந்தையின் கை எட்டும் தொலைவில் இருத்தல் ஆகாது. கொசுவலை நாடா, துப்பட்டா, கயிறு எதுவும் மேல்தட்டிலிருந்து தொங்குதல் ஆகாது. அவை கழுத்தை இறுக்கும்.

ஆறு வயது கடந்த எல்லாக் குழந்தைகளும் மேலே உறங்கத் தக்கவர்கள் அல்லர். வலிப்பு நோய் உள்ள குழந்தை, உறக்கத்தில் எழுந்து நடக்கும் குழந்தை, அண்மையில் அறுவை சிகிச்சை பெற்ற குழந்தை, கை கால்களில் மாவுக்கட்டு உள்ள குழந்தை ஆகியோருக்குக் கீழ்த்தட்டே உரியது. வீட்டில் அதற்காகச் சண்டை நேரலாம், நேரட்டும்.

அடுத்து மரம். துகள் பலகை, எம்.டி.எஃப்., மலிவான பிளைவுட் ஆகியவற்றை ஒட்டும் பிசினில் பெரும்பாலும் பார்மால்டிஹைடு கலந்திருக்கும். அது காற்றில் கலந்து கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் உறுத்தும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்தால் அதன் வெளியேற்றமும் மிகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ஆம் ஆண்டில் இதனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. ஒரு கட்டிலால் புற்றுநோய் வந்துவிடும் என்று அச்சுறுத்துவது என் நோக்கமன்று. எளிதில் தவிர்க்கத்தக்கதைத் தவிர்ப்போம் என்பதே வேண்டுகோள். தேக்கு, பலா, வேம்பு என வசதிக்கேற்ற முழுமரத்தைத் தேர்ந்து, தாங்கும் மூட்டுகளை நட்டு போல்ட் கொண்டு முடுக்கினால், பசையின் தேவை மிகக் குறையும். நஞ்சின்மையும் உறுதியும் இங்கே ஒரே வழியில் கிடைக்கின்றன.

பழைய வீட்டின் கதவு, சன்னல் சட்டங்களை இழைத்துப் பயன்படுத்துவோர் உண்டு. பெயின்ட் பூசிய பழைய மரம் வேண்டா. வீட்டுப் பெயின்டில் ஈயத்திற்கு 90 பி.பி.எம். என்னும் வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டைத் தேய்க்கும்போது எழும் தூசில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பூச்சுக்கு அரக்கு மெருகோ தேன்மெழுகோ ஆளிவிதை எண்ணெயோ போதும். அரக்கு மாத்திரைகளின் மேற்பூச்சாகவும் பயன்படும் பொருளே. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்துங்கள். மரத்தை இழைப்பதும் தேய்ப்பதும் வெளியிலேயே நடக்கட்டும். இளைப்பு உள்ள குழந்தையை மரத்தூசு வருத்தும். பூச்சு நன்கு உலர்ந்து நெடி முற்றிலும் நீங்கிய பின்னரே கட்டில் படுக்கையறைக்குள் வரவேண்டும். குழந்தை மருத்துவமனையிலிருந்து திரும்பும் வாரத்தில், வரவேற்பாக எண்ணி அவசரமாகப் பூச்சு அடித்து முடிப்பது அன்பின் மிகுதியால் நேரும் தவறு.

முழுமரத்திற்குச் செலவு மிகுதி என்பீர்கள். உண்மையே. செலவு கட்டுப்படியாகாவிடில் மலிவான பலகையில் உயரமான கட்டில் செய்வதைவிட, இரு பாய்களை விரித்து இருவரையும் தரையில் உறங்க வைப்பது சாலச் சிறந்தது. தரையில் உறங்கும் குழந்தை விழுவதற்கு உயரமே இல்லை.

கட்டில் முடிந்த அன்று முதலில் நீங்கள் மேல்தட்டில் ஏறிப் படுத்துப் புரண்டு பாருங்கள். மெத்தையை விரித்த பின்னர்த் தடுப்பை அளந்து பாருங்கள். மாதம் ஒருமுறை போல்ட்டுகளை முடுக்குங்கள். என் மகனின் கை நேராகிவிட்டது. அவன் கட்டிலின் தடுப்பு இப்போது மெத்தைக்கு மேல் 7 அங்குலம் உயர்ந்து நிற்கின்றது. அந்த அளவை அவனே எடுத்தான்.