பேனாவுக்குள் பதுங்கிய புகை!

2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு இ-சிகரெட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் அதை முழுச் சட்டமாக்கியது. நமது தமிழக அரசோ ஓராண்டு முன்னதாக, 2018லேயே தடை விதித்து விட்டது. தடைகள் எல்லாம் காகிதத்தில் பத்திரமாக இருக்கின்றன! முகப்பேர், நொளம்பூர், அம்பத்தூர், ஆவடி என எந்தப் பகுதியிலும் கல்லூரிக்குப் போகும் ஒரு பையனிடம் 'வேப்' என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். பளிச்சென்று பதில் வரும். அவனுடைய அத்தாவுக்குத்தான் தெரியாது.

தெரிய வாய்ப்பும் இல்லை. பார்த்தால் பேனா மாதிரி இருக்கிறது. இல்லையென்றால் பென் டிரைவ் மாதிரி இருக்கிறது. தீப்பெட்டி வேண்டாம், சாம்பல் கிடையாது. உள்ளே ஒரு சிறு பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், கொஞ்சம் திரவம். உறிஞ்சினால் சுருள் சூடாகி திரவம் புகை போல வெளியே வருகிறது. மாம்பழ வாசனை, புதினா வாசனை, பபிள்கம் வாசனை! பீடி வாடையோடு பள்ளிவாசலுக்குள் நுழையக் கூசுகிற ஒருவன் இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சஃபில் நிற்கலாம், பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பெற்றோரின் மூக்கை ஏமாற்றுவதற்கென்றே செய்தது போல் இல்லையா?

சகோதரர்களே! இதைப் பற்றி இளைஞர்களிடம் பேசினால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. ஏற்கெனவே சிகரெட் பிடிப்பவர், "இது சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை பாய், விடுவதற்காகத்தான் பிடிக்கிறேன்" என்பார். சிகரெட்டையே தொட்டிராதவனோ, "இது வெறும் ஆவிதானே, இதில் என்ன இருக்கிறது?" என்பான். இரண்டும் ஒரே பேச்சு போலத் தோன்றலாம். ஆனால் முதலாமவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாமவன் சொல்வதில் அதுவும் இல்லை.

அந்தப் பாதி உண்மையை மறைத்துவிட்டு எழுதுவது நியாயமாகாது. இக்கருவியை 2003-ல் இன்றைய வடிவுக்குக் கொண்டு வந்தவர் சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளர். அவரும் சிகரெட் பிடிப்பவர்; அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயில் இறந்தவர். சிகரெட்டில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் எரிவதால் உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும்தான். அடிமைப்படுத்துவது நிகோடின். எரியாமல் நிகோடினை மட்டும் கொடுத்தால் என்ன என்பதே அவரது யோசனை. பிரிட்டனின் அரசு சுகாதார அமைப்பு 2015-ல் இ-சிகரெட்டை சிகரெட்டை விட 95 சதவீதம் கெடுதல் குறைந்தது என்றே மதிப்பிட்டது. அந்தக் கணக்கை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்போ, நிகோடின் சூயிங்கம் போன்றவற்றை விட இதன் மூலம் சிகரெட்டை விட்டவர்கள் அதிகம் என்கிறது.

சரி, அப்படியானால் தடை எதற்கு என்று கேட்பீர்கள். இந்தச் சரக்கு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள்! 20 ஆண்டுகளாக சிகரெட் ஊதி இருமும் முதியவர் கையிலா? அமெரிக்காவில் 2019-ல் எடுத்த அரசுக் கணக்குப்படி உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்துக்குள் இ-சிகரெட் பிடித்திருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு மேல்! வேப்பை மருந்து போல் சிபாரிசு செய்த பிரிட்டனே, ஒருமுறை பிடித்துத் தூக்கியெறியும் வேப்களை 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது. வண்ண வண்ணமாக, மிட்டாய் விலையில் அவை பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள் போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம். புகைப்பவரை மீட்கப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட பொருள், புகைக்காதவனைப் பிடித்துக் கொண்டது. சிகரெட் கம்பெனிகளுக்கு இது தெரியாமலா இருக்கும்? மார்ல்பரோ சிகரெட் தயாரிக்கும் ஆல்ட்ரியா, 2018 டிசம்பரில் ஜூல் என்ற வேப் கம்பெனியின் 35 சதவீதப் பங்கை 1,280 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. சிகரெட்டை ஒழிக்கவா இவ்வளவு பணம்?

"வெறும் ஆவி" என்கிறானே, அது தண்ணீரின் ஆவி அல்ல. புரொப்பிலின் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனை ரசாயனங்கள், சூடாகும் கம்பியிலிருந்து வரும் நிக்கல், ஈயம் போன்ற உலோகத் துகள்கள் எல்லாம் அதில் உண்டு. தடை உள்ள நாட்டில் திருட்டுத்தனமாக வரும் சரக்கில் என்ன கலந்திருக்கிறது என்று சோதிப்பவரும் யாருமில்லை. 2019-லும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் வேப் பிடித்து நுரையீரல் பாதித்து 2,807 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துள்ள கள்ளச் சரக்கில் கலக்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்தான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். சிங்கப்பூரில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தையே வேப்பில் கலந்து விற்க, அந்நாட்டு அரசு 2025 செப்டம்பர் 1 முதல் அதைப் போதைப்பொருள் பட்டியலில் சேர்த்து விட்டது. அங்கே சாதாரண வேப் வைத்திருந்து முதல்முறை பிடிபட்டாலே 18 வயதுக்குக் கீழ் 500 வெள்ளி, அதற்கு மேல் 700 வெள்ளி அபராதம்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று குருவியாகப் போய்வரும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துபாயிலும் கோலாலம்பூரிலும் கடையில் அடுக்கி வைத்து விற்கிறார்களே என்று பெட்டியில் நாலு பீஸ் போட்டுக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினால், நமது சட்டத்தில் அது இறக்குமதிக் குற்றம். முதல்முறைக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். அனுப்பியவன் போனை அணைத்து விடுவான். நிற்பது நீங்கள்தான்!

வியாபாரப் பெருமக்களுக்கும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. "இதில் நிகோடின் கிடையாது, வெறும் ஃபிளேவர்தான், தைரியமாக வையுங்கள் பாய்" என்று சப்ளைக்காரன் சொல்வான். நம்பாதீர்கள். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சூடாக்கி உறிஞ்சும் மின்கருவி என்றால் சட்டத்தின் பார்வையில் அது இ-சிகரெட்தான். இ-ஹூக்காவும் அதில் அடக்கம். விற்பது மட்டுமல்ல, விளம்பரம் செய்வது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்வது எல்லாமே குற்றம். குடோனையோ மாடி அறையையோ வாடகைக்கு விட்டிருப்பவர், இந்தச் சரக்கு அங்கே இருப்பது தெரிந்தும் அனுமதித்தால் அவருக்கும் ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரி கடைக்குள் வந்து சோதனையிடலாம். செல்போன் உதிரிபாகக் கடைகளும் ஃபேன்ஸி கடைகளும் நடத்தும் நம் தம்பிகளுக்குத்தான் இந்த வலை முதலில் விரிக்கப்படுகிறது. குட்கா விவகாரத்தில் பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் லாபம் பார்க்கப் போய் கடைக்கு சீல் வாங்கியவர்கள் யார்? தயாரித்த முதலாளிகளா, தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர்களா?

இவ்விடத்தில் அரசைப் பார்த்தும் கேட்கத்தான் வேண்டும். புகையிலையால் இந்தியாவில் ஆண்டுக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இ-சிகரெட்டைத் தடை செய்தவர்கள் சிகரெட்டைத் தொடவில்லை. ஐ.டி.சி. நிறுவனத்தில் எல்.ஐ.சி.க்கே பெரும் பங்கு இருக்கிறது. 2019-ல் தடை அறிவிப்பு வந்த அன்று சிகரெட் கம்பெனிகளின் பங்கு விலை ஏறியது என்பதும் செய்திதான். 2016-17-ல் நடந்த புகையிலை கணக்கெடுப்பின்போது இந்தியாவில் இ-சிகரெட் பற்றிக் கேள்விப்பட்டிருந்தவர்களே நூற்றுக்கு மூன்று பேர்தான். புகையிலையை ஏதாவது ஒரு வகையில் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 28 பேருக்கு மேல். தடையின் நோக்கத்தை நாம் குறை சொல்லவில்லை. பெரிய நெருப்பை அப்படியே விட்டுவிட்டுப் பொறியை அணைத்ததுதான் உறுத்துகிறது. மேலப்பாளையத்திலும் குடியாத்தத்திலும் பீடி சுற்றிப் பிழைக்கும் நம் பெண்களுக்கு மாற்று வேலைக்கு வழி சொல்லாமல் சிகரெட்டைத் தொட முடியாது என்பதும் நமக்குத் தெரியும். அந்த வழியை யார் தேடினார்கள்?

மார்க்கத்தின் பெயரால் சிலர் எழுப்பும் கேள்வியும் ஒன்று உண்டு: "சிகரெட் பற்றித்தான் ஆலிம்கள் பேசினார்கள், வேப்பைப் பற்றி யார் சொன்னது?" மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995-ல் சிகரெட்டையும் 2015-ல் வேப்பையும் ஹராம் என அறிவித்தது. இந்தோனேசியாவின் முஹம்மதியா இயக்கம் 2020-ல் அதையே சொன்னது. நமது ஊர் ஜும்ஆ மேடைகளில் இந்தப் பெயர் எத்தனை முறை ஒலித்திருக்கிறது என்று முத்தவல்லிகள் யோசிக்கட்டும்.

சிகரெட்டை விட உண்மையாகவே விரும்பும் சகோதரருக்கு, கள்ளச் சந்தை வேப்பைத் தேடி ஓட வேண்டிய அவசியமில்லை. ரமளானில் ஸஹரிலிருந்து நோன்பு திறக்கும்வரை 13 மணி நேரத்துக்கு மேல் தொடாமல் இருக்கிறீர்களே, அந்த உறுதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இஃப்தாருக்குப் பிறகு கை நடுங்கும் அந்த அரைமணி நேரத்துக்குத்தான் துணை தேவை. 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. 1800-11-2356 என்ற இலவச எண்ணை அழைத்தால் புகையிலையை விட ஆலோசனை சொல்கிறார்கள், தமிழிலும் பேசலாம். சிகரெட் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் எண்தான் அது. தினமும் கையில் எடுக்கிறீர்கள், ஒருமுறை படித்துப் பாருங்கள்.