கொடுங்கையூருக்கு எரிஉலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொடுங்கையூர் குப்பைக்கிடங்கில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை அமைக்கும் திட்டத்தைச் சென்னை மாநகராட்சி கைவிட வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். கிடங்கின் மதிற்சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவள் நான்.

இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை டன், எத்தனை மெகாவாட், எத்தனை கோடி என்ற கணக்கு வருகிறது. எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகளுக்கு வீசிங் இருக்கிறது என்று யாரும் வந்து கேட்டதில்லை. கோடையில் குப்பைமேடு தீப்பிடித்துக்கொள்ளும். உள்ளே அழுகும் குப்பை மீத்தேனைக் கக்கும். ஒரு பொறி போதும். மேலே தண்ணீரைப் பீய்ச்சி அணைத்த பிறகும் அடியில் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்த இரவுகளில் ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம் தாங்காது, திறந்தால் பிளாஸ்டிக் கருகும் நெடி. பக்கத்து வீட்டுப் பெண் தன் மகனை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, நெபுலைசர் மாஸ்க்கை அவன் மூக்கோடு சேர்த்துப் பிடித்திருப்பாள். அவன் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழியும். கரண்ட் போய்விட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓட வேண்டும். இது எங்கள் பக்கத்தில் அபூர்வமான காட்சி இல்லை.

2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. மண்டலங்கள் 15 ஆயின. அடுக்குமாடிகள் எழுந்தன, வணிக வளாகங்கள் வந்தன. ஆனால் இத்தனை பெரிய ஊரின் குப்பை போய்ச் சேரும் இடங்கள் பழைய இரண்டுதான்: தெற்கே பெருங்குடி, வடக்கே கொடுங்கையூர். வடக்கில் அது மட்டும் இருந்தாலாவது பரவாயில்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள், துறைமுகத்துக்குப் போகும் சாலைகளில் இரவு பகலாக டீசல் புகையோடு கன்டெய்னர் லாரிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. மீனவர்கள் அதைக் கையால் அள்ளினார்கள். அந்த மாதமே பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் குழந்தைகளை அள்ளிக்கொண்டு வீட்டைவிட்டு ஓடினார்கள். இவ்வளவும் சுமக்கும் பகுதியின் தலையில் இன்னும் ஒரு புகைபோக்கியை வைப்பதை எந்த மருத்துவர் ஒப்புக்கொள்வார்?

நவீன வடிகட்டிகள் இருக்கின்றன, புகை சுத்தமாகத்தான் வெளியேறும் என்று சமாதானம் சொல்கிறார்கள். எரிஉலை ஒழுங்காக இயங்க வேண்டுமானால் வாயு குறைந்தது 850 டிகிரி வெப்பத்தில் இரண்டு நொடியாவது இருந்தாக வேண்டும். நம் வீட்டுக் குப்பையில் பாதிக்கு மேல் காய்கறித் தோலும் சோறும் வாழை இலையும்தானே! ஈரம் சொட்டும் இந்தக் குப்பையைக் கொட்டினால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் டையாக்சின் உருவாகும். அந்த வகையில் மிகக் கொடியதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இலேயே வகைப்படுத்திவிட்டது. சூடு குறையாமலிருக்க எதை எரிப்பார்கள்? நன்றாக எரியும் பிளாஸ்டிக்கையும் காகிதத்தையும்தான். அவையோ தரம்பிரித்து மறுசுழற்சிக்குப் போக வேண்டியவை. அவற்றைப் பொறுக்கி விற்றுத்தான் இங்கே எத்தனையோ குடும்பங்கள் உலை வைக்கின்றன. அப்படியே எல்லாம் சரியாக எரிந்தாலும் 100 கிலோ குப்பைக்கு 20 கிலோவுக்கு மேல் சாம்பல் மிஞ்சும். வடிகட்டியில் பிடிபடும் நச்சும் அந்தச் சாம்பலில்தான் இருக்கும். அதைக் கொட்டப்போவது எங்கே? போயஸ் தோட்டத்திலா?

டெல்லி ஓக்லாவில் 2012 முதல் இப்படி ஓர் ஆலை ஓடுகிறது. அதைச் சுற்றி வாழும் மக்கள் புகையையும் சாம்பலையும் எதிர்த்து ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தி வருகிறார்கள். கட்டி முடித்துவிட்டால் அதை நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

குப்பையை என்னதான் செய்வது என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. வீட்டிலேயே மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தர வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. எங்கள் தெருவில் பலர் பிரித்தே தருகிறோம். காலையில் பேட்டரி வண்டியில் வரும் அக்கா பச்சைக்கூடையில் ஒன்று, நீலக்கூடையில் ஒன்று என்று வாங்கிக்கொள்கிறார். முனையில் நிற்கும் லாரியில் இரண்டும் ஒன்றாக விழுகின்றன. அவர்மேல் தப்பில்லை, தனித்தனியாகக் கொண்டுபோக அவருக்கு வேறு வண்டி கொடுக்கப்படவில்லை. எரிஉலைக்குக் கொட்டப்போகும் பணத்தில் ஒரு பங்கை வார்டுதோறும் உரக்கிடங்குக்கும் சாண எரிவாயுக் கலன் போன்ற எரிவாயுக் கூடங்களுக்கும் செலவிட்டால், அடையாற்றுக் குப்பை அடையாற்றிலும் அண்ணா நகர்க் குப்பை அண்ணா நகரிலும் முடிந்துவிடும். எங்களுக்கு வந்து சேரும் லாரிகளும் குறையும்.

பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பயோமைனிங் பணியை வரவேற்கிறோம். தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தது அதற்காகத்தான். மீட்ட நிலத்தில் மரம் வளர்ப்பார்கள், பிள்ளைகள் ஓடியாட ஒரு மைதானம் வரும் என்று நினைத்தோம். அந்த இடத்தில் உலை வரும் என்றால், மீட்டது யாருக்காக? 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்று கேட்டதும் இதைத்தான்.

ஒப்பந்தம், அனுமதி என்று மேலே போவதற்கு முன்னால் கிடங்கைச் சுற்றியுள்ள வீடுகளில் மருத்துவக் குழுவை அனுப்பிக் கணக்கெடுங்கள். எத்தனை பேருக்கு ஆஸ்துமா, எத்தனை பேருக்குத் தோல் நோய், நிலத்தடி நீரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று தமிழில் அச்சிட்டு வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். அதற்குப் பிறகு கருத்துக் கேட்புக் கூட்டம் போடுங்கள். அதை ரிப்பன் மாளிகையில் வேலைநாள் காலையில் வைக்காமல், கூலி வேலைக்குப் போகிறவர்களும் வரக்கூடிய ஞாயிற்றுக்கிழமையில், கொடுங்கையூரிலேயே வைக்க வேண்டும் என்று மேயரையும் ஆணையரையும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடுங்கையூர், சென்னை