பேஸ்பால் ஆட்டமும் பொருள் வேற்றுமையும்

செல்வர் வறியர் என்னும் வேற்றுமை உலகில் யாண்டும் உளது. விளையாட்டுக் களத்திலேனும் அஃது ஒழிதல் வேண்டுமென்பது நம்மனோர் விருப்பம். அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இவ்விருப்பம் எவ்வளவிற்கு நிறைவேறியுளது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அந்நாட்டின் மேஜர் லீக்கில் முப்பது கழகங்கள் ஆடுகின்றன. 2025-ஆம் ஆண்டுப் பருவம் முடிய, ஒரு கழகம் தன் ஆட்டக்காரர்க்கு அளிக்கும் மொத்தச் சம்பளத்திற்கு மேல்வரம்பும் இல்லை, கீழ்வரம்பும் இல்லை. 1994-இல் உரிமையாளர்கள் மேல்வரம்பு விதிக்க முற்பட, ஆட்டக்காரர் வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டின் உலகத் தொடரே நடவாதொழிந்தது. பெருநகர்க் கழகங்களோ உள்ளூர்த் தொலைக்காட்சி வருவாயால் பெரும்பொருள் ஈட்டுகின்றன. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் கழகம் 2023 டிசம்பரில் ஷோஹெய் ஓட்டானி ஒருவருக்கே பத்தாண்டுகட்கு 70 கோடி டாலர் அளிக்க இசைந்தது. 2024, 2025 ஆகிய ஈராண்டும் வாகை சூடிற்று.

அறிவுடையார்க்குப் பொருட்குறை ஒரு தடையன்று என்பார் சிலர். 2002-இல் ஓக்லந்து கழகம் ஏறத்தாழ 4 கோடி டாலர் சம்பளத்தில் 103 ஆட்டங்களை வென்றது. 12 கோடிக்குமேல் செலவிட்ட நியூயார்க் யாங்கீஸும் அத்தனையே வென்றது. மெய்யே. ஆயினும், ஓக்லந்து வளர்த்த ஜேசன் ஜியாம்பி அதற்கு முன்னரே யாங்கீஸின் பெரும்பொருளை நாடிச் சென்றுவிட்டாரன்றோ? அறிவு வீரரை ஆக்கலாம். ஆக்கிய வீரரை நிறுத்திவைக்கப் பொருளே வேண்டும்.

எத்துணைச் செல்வமுடைய கழகமும் எதிரியின்றித் தனித்து ஆடவியலாது. ஆதலின் வருவாயைப் பகிர்தல் தருமமன்று, நீதியே. மிகுசம்பளத்தின்மீது வரியும், வருவாய்ப் பகிர்வும் அங்கு உள்ளனவே. குறை யாதெனின், பங்கு பெற்றோர் அதனைச் செலவிடுமாறு செய்யும் உறுதியான விதி இன்மையே. 2018-இல் ஆட்டக்காரர் சங்கம் இக்காரணம் பற்றி நான்கு கழகங்களின்மீது முறையிட்டது. ஒரு தாலந்தைப் பெற்று நிலத்திற் புதைத்த ஊழியக்காரனின் செயலை ஒத்ததன்றோ இது?

அமெரிக்கரின் புட்பால் லீக்கில் நாடளாவிய தொலைக்காட்சி வருவாய் சமமாகப் பகிரப்படுகின்றது. சம்பளத்திற்கு இருவரம்பும் உள. அதனாலன்றோ, ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்களே வாழும் கிரீன் பே நகரத்துக் கழகம் பெருநகரங்களோடு நிகர்நின்று, 2010-ஆம் பருவத்தில் வாகையும் சூடிற்று!

ஆகவே, முதற்கண் கீழ்வரம்பும், அதன்பின் மேல்வரம்பும் விதித்தலே முறை. செல்வனை மட்டும் தடுத்து, பங்கு பெறுவோனைக் கணக்குக் கேளாது விடுதல் பாதி நீதியேயாம். தம் ஊர்க் கழகம் என்றேனும் வெல்லும் என்னும் நம்பிக்கையைச் சிறுநகரச் சிறுவர் இழப்பரேல், அரங்கம் நிறைந்திருப்பினும் ஆட்டம் மாண்டதேயாம்.