தட்டோரத்து எலும்பு... நாய்க்கு விருந்தா, வினையா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் 2 மணி வாக்கில் பாரிவாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பிரியாணி வாசனைதான். ஏரிப் பக்கம் எழும்பியிருக்கும் தனி வீடுகள் பலவற்றில் கேட்டுக்குப் பின்னால் ஒரு நாய் இருக்கும். ராஜபாளையமோ, லேப்ரடாரோ, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயோ, அந்த நேரத்தில் அதற்குக் காவல் வேலை மறந்துவிடும். சாப்பாட்டு மேஜைக்குக் கீழே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு கையும் வாய்க்குப் போய் வருவதைக் கண்கொட்டாமல் பார்க்கும். தட்டோரத்தில் ஒதுக்கிய லெக் பீஸ் எலும்பு கடைசியில் யாருக்கு என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்கும் தெரியும்.

பாசத்தில் கொடுப்பதுதான். நாய் என்றால் எலும்பு என்று நம் மனதில் அப்படிப் பதிந்திருக்கிறது. அரசியல் மேடையில் எதிராளியைத் திட்டக்கூட 'எலும்புத் துண்டு'தான் கைகொடுக்கிறது. ஆனால், நாய்க்குக் கொடுக்கவே கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொருட்களில் வெந்த எலும்புக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.

காரணம் எளிது. பச்சை எலும்பில் ஈரமும் கொலாஜன் என்ற புரதமும் இருப்பதால் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அடுப்பில் வெந்தால் அந்த நெகிழ்ச்சி போய்விடும். கடித்தவுடன் சில்லு சில்லாகத் தெறிக்கும். ஒவ்வொரு சில்லின் முனையும் ஊசி மாதிரி இருக்கும். அதிலும் கோழி எலும்பு மெல்லியது. 'அப்போ பச்சையாவே போட்டுடலாமா' என்று கேட்பவர்கள் உண்டு. தெறிப்பது குறையும், அவ்வளவுதான். தொண்டையில் மாட்டுவதும் பல் உடைவதும் அப்படியேதான் இருக்கும். கூடவே சால்மோனெல்லா போன்ற கிருமிகள் நாயின் வாய் வழியாக, அதைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தையின் கைக்கும் வந்து சேரும்.

'தெருநாய் தினமும் குப்பைத்தொட்டியில எலும்பு தின்னுது, அதுக்கு என்ன ஆச்சு?' என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் வரும், பெரும்பாலும் தாத்தாவிடமிருந்து. நியாயமான கேள்வி. நாயின் இரைப்பை அமிலம் வீரியமானது. எலும்பு இரைப்பைக்குள் போய்விட்டால் பல நேரம் ஓரிரு நாளில் கரைந்துவிடும். சிக்கல் எல்லாம் அங்கே போய்ச் சேரும் வழியில்தான். இன்னொன்று, நாம் பார்ப்பது பிழைத்த தெருநாய்களை மட்டும். உணவுக்குழாயில் எலும்பு மாட்டிய தெருநாய் எங்காவது முட்புதருக்குள் போய்ச் சுருண்டு படுத்து, நாலு நாள் பட்டினி கிடந்து செத்துப்போகும். அது யார் கணக்கிலும் வருவதில்லை.

மாட்டும் இடங்கள்

நாயின் உணவுக்குழாயில் வழி குறுகும் இடங்கள் நான்கு. தொண்டையின் வாசல், மார்புக்கூட்டுக்குள் நுழையும் இடம், இதயத்துக்கு மேல் பகுதி, இரைப்பைக்குச் சற்று முன்னால் உதரவிதானத்தை ஒட்டிய இடம். எலும்பு மாட்டினால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றில்தான். இதில் நாய்க்கு மூச்சு நிற்காது. அதனாலேயே வீட்டில் இருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். நாய் நடமாடும், வாலாட்டும். ஆனால் எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும். கழுத்தை நீட்டி நீட்டி எதையோ விழுங்கப் பார்க்கும். தண்ணீர் குடித்தால் வயிறு குலுங்காமலே அப்படியே வெளியே வந்துவிடும். 'நேத்து சாப்பிட்டது ஒத்துக்கலை போல' என்று ஒரு நாள் விட்டுவைத்தால், எலும்பு அழுத்தும் இடத்தில் உணவுக்குழாயின் சுவர் ரத்த ஓட்டம் இல்லாமல் அழுகத் தொடங்கும். ஓட்டை விழுந்தால் நெஞ்சுக்குள் சீழ். அன்றே போனால் எக்ஸ்ரே எடுத்து, எண்டோஸ்கோப்பி குழாயை உள்ளே விட்டு எலும்பைப் பிடித்து எடுத்துவிடலாம். மேலே இழுக்க முடியாவிட்டால் மெதுவாக இரைப்பைக்குள் தள்ளிவிடுவதும் உண்டு. மீதியை அமிலம் பார்த்துக்கொள்ளும். இரண்டு, மூன்று நாள் கழித்துப் போனால் நெஞ்சைத் திறக்கும் ஆபரேஷன் வரை போகலாம்.

மட்டன் நல்லி வேறு வகை வம்பு. குறுக்கே வெட்டிய வளையத்துக்குள் இருக்கும் மஜ்ஜையை நக்கப் போய், வளையம் கீழ்த்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் மோதிரம் போல இறுகிவிடும். நாய் பதறித் தாடையைத் தரையில் தேய்க்கும். இழுத்தால் வராது, வீக்கம்தான் கூடும். மயக்க ஊசி போட்டு அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சில நேரம் சின்ன எலும்புத்துண்டு மேல் அண்ணத்தில் இரண்டு பக்கக் கடைவாய்ப்பற்களுக்கும் குறுக்கே பாலம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். நாய் முன்னங்காலால் வாயைப் பிராண்டும் பிராண்டலில் மூச்சு அடைத்துவிட்டது என்றே வீடு அலறும்.

அந்த மூன்று நிமிடம்

உண்மையிலேயே மூச்சுக்குழல் அடைத்துக்கொண்டால் கதையே வேறு. சென்னையில் கால்நடைகளுக்கான பழைய, பெரிய மருத்துவமனை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறது. கல்லூரி தொடங்கியது 1903-ல். பாரிவாக்கத்திலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்தால் வேலப்பன்சாவடி, வானகரம், மதுரவாயல், கோயம்பேடு தாண்டி சுமார் 20 கிலோமீட்டர். சாலை என்னவோ நேர்தான். டிராஃபிக் அப்படி இல்லை. மூச்சு முழுவதும் நின்ற நாய்க்கு இருப்பதோ மூன்று, நான்கு நிமிடங்கள். பக்கத்துத் தெருவில் கிளினிக் இருந்தாலும் ஷட்டர் திறப்பதற்குள் அந்த நேரம் போய்விடும். ஆகவே முதல் உதவி வீட்டில் இருப்பவர் கையில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது, நாய் சத்தமாக இருமுகிறதா என்று. இருமல் வந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். அதைப் பிடித்து அமுக்காமல் இருமவிட்டு, வண்டியை எடுங்கள். சத்தமே வராமல் வாயைத் திறந்து திணறி, நாக்கும் ஈறும் நீலமாக மாறினால் அடைப்பு முழுமையானது. ஒருவர் தலையைப் பிடிக்க, இன்னொருவர் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். துண்டு கண்ணுக்குத் தெரிந்து, பிடிக்கவும் முடிந்தால் எடுக்கலாம். தெரியாதபோது விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போய்விடும். உயிருக்குத் திணறும் நாய், வளர்த்தவர் கையையும் கடிக்கும் என்பது நினைவில் இருக்கட்டும்.

சின்ன நாய் என்றால் பின்பக்கத்தைத் தூக்கி, தலை கீழே இருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் நாலைந்து தட்டு. பெரிய நாய் என்றால் பின்னால் நின்று வயிற்றைச் சுற்றி இரு கைகளையும் கோத்து, விலா எலும்பு முடியும் இடத்துக்குச் சற்றுக் கீழே முஷ்டியை வைத்து, மேலும் முன்னும் வேகமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். மனிதர்களுக்காக அமெரிக்க மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974-ல் சொன்ன அதே முறைதான். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு வாய்க்குள் பார்க்க வேண்டும். நாய் சரிந்து மூச்சு இல்லாமல் கிடந்தால், பக்கவாட்டில் படுக்கவைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் மார்பை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக 2 தடவை ஊத வேண்டும். ஊதுவது தடுப்பூசி போட்ட வீட்டு நாய்க்கு மட்டும்.

அடைப்பு வெளியே வந்து நாய் எழுந்து நடந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். மூச்சு அடைத்துத் திணறியதில் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது உண்டு.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு வைத்தியம் இருக்கிறது. மீன் முள் குத்தினால் வெறும் சோற்றை உருண்டையாக விழுங்கச் சொல்வது அல்லது வாழைப்பழம் கொடுப்பது. எலும்பு மாட்டிய நாய்க்கும் அதையே செய்கிறார்கள். வேண்டவே வேண்டாம். உருண்டை எலும்பை இன்னும் இறுக்கும்; திணறும்போது சோறு நுரையீரலுக்குள்ளும் போகும். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்கவைப்பதும் அப்படித்தான். கீறிக்கொண்டு இறங்கியது கீறிக்கொண்டே மேலே வரும்.

இந்த இடத்தில் ஒரு பெரிய எச்சரிக்கை. வாயை மூட முடியாமல் கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வடிய, விழுங்கத் திணறும் நாயைப் பார்த்தால் தொண்டையில் எலும்பு மாட்டியது போலவே இருக்கும். வெறிநோயின் ஒரு வகையும் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும். பரிதாபப்பட்டுத் தெருநாயின் வாய்க்குள் கையை விட்டவர்கள் இந்த நோய்க்குத் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கிறார்கள். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத நாயின் வாய்க்குள் எந்தக் காரணத்துக்கும் கையை விடக் கூடாது. எச்சில் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ பட்டுவிட்டால் உடனே கழுவ வேண்டும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கடையில் விற்கும் 'எலும்பு'

சரி, எலும்பு வேண்டாம் என்று பெட் ஷாப்புக்குப் போனால் அங்கே எலும்பு வடிவத்தில் வெள்ளையாக, இரு முனையிலும் முடிச்சுப் போட்டுத் தொங்குகிறது. அது எலும்பு அல்ல; மாட்டுத்தோலின் உட்பகுதி. வேப்பேரி கால்நடைக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பெரியமேடு தோல் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். செருப்புக்கும் பைக்கும் மேல்தோல் போக, பிரித்த உள்தோலை உலர்த்திச் சுருட்டினால் நாய்க்கான 'சூ' தயார். எச்சிலில் ஊறினால் இது கொழகொழவென்று உப்பும். முதலில் ஆபத்தில்லை, கடித்துக் கடித்து இரண்டு அங்குலமாகக் குறைந்ததும் நாய் அதை அப்படியே விழுங்கிவிடும். மாட்டுவது அந்தக் கடைசித் துண்டுதான். அந்த அளவுக்கு வந்ததும் வாங்கிவிட வேண்டும். ஆனால் பிடுங்கப் போனால் அவசரத்தில் விழுங்கும். ஒரு துண்டு வேகவைத்த சிக்கனைக் காட்டினால் தானே கீழே போட்டுவிடும்.

பாக்கெட்டில் அடைத்து, புகையில் வாட்டி விற்கும் நிஜ எலும்புகளும் உண்டு. இவற்றால் சுமார் 90 நாய்கள் பாதிக்கப்பட்டதாக 68 புகார்கள் வந்திருப்பதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. அவற்றில் சுமார் 15 நாய்கள் இறந்ததாகப் புகார் கொடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். கம்பெனிப் பாக்கெட் என்பதாலேயே எதுவும் பத்திரமாகிவிடாது.

மான்கொம்பு, மாட்டுக்குளம்பு, இமயமலைப் பக்கத்துக் கெட்டிப் பால்கட்டி எல்லாம் இப்போது ஆன்லைனில் வருகின்றன. இவை உடையாது, நாயின் பல்தான் உடையும், அதுவும் மேல்வரிசையின் பெரிய அரைக்கும் பல். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத பொருளை நாய்க்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது. சின்ன ரப்பர் பந்து அதைவிட மோசம். எச்சிலில் வழுக்கி உருண்டு போய் மூச்சுக்குழலின் வாயை மூடி போட்ட மாதிரி அடைக்கும். வாயில் முழுதாக அடங்குகிற பந்து எந்த நாய்க்கும் ஆகாது. கோடையில் மாங்கொட்டையும், சாலையோரம் சுட்டு விற்கும் சோளக்கதிரின் கட்டையும் தொண்டையைத் தாண்டிப் போனாலும் குடலில் மாட்டிக்கொள்ளும்.

கறிக்கடையில் நாய்க்கென்று கோழிக்கால், கழுத்து, தலை வாங்கி அரிசியோடு குக்கரில் வைப்பது பல வீடுகளில் வழக்கம். சத்துக்குக் குறைவில்லை. வெந்த பிறகு கறியை உதிர்த்துவிட்டு எலும்பை எறிந்துவிடலாம். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் நிறைய விசில் விட்டு, ஒவ்வொரு துண்டையும் இரு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்க்க வேண்டும். மாவாகக் குழையாதது எதுவும் தட்டில் இருக்கக் கூடாது. உப்பு, மசாலா, முக்கியமாக வெங்காயமும் பூண்டும் சேர்க்கக் கூடாது. அவை நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. மென்று கடிக்க ஆசைப்படும் நாய்க்கு, அதன் வாயைவிடப் பெரிதான, நடுவில் குழிவான ரப்பர் பொம்மைக்குள் தயிர் சாதம் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தால் அரை மணி நேரம் நக்கிக்கொண்டு கிடக்கும்.

வீட்டில் முடிவெடுத்தாலும் விருந்தாளிக்குத் தெரியாது. தீபாவளி, மாட்டுப் பொங்கல், வளைகாப்பு என்று வீடு நிறையும் நாளில்தான் மேஜைக்குக் கீழே ஆளாளுக்கு ஒரு எலும்பு போடுவார்கள். பந்தி முடியும்வரை நாயை மாடியிலோ வேறு அறையிலோ கட்டிவைத்துவிட்டு, எச்சில் இலைகளை மூடியுள்ள தொட்டியில் போட்டு, அதைக் கேட்டுக்கு வெளியே வைத்த பிறகு அவிழ்த்துவிடலாம்.