சாப்பாட்டுத் தட்டும் செல்போன் கதையும்

செஞ்சியில் எனக்குத் தெரிந்த குடும்பம் அது. 2025 ஜூலையில் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்ததும், 'நம்ம ஊர்க் கோட்டையை நாமே ஒழுங்கா பார்க்கலையே' என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜகிரி ஏறக் கிளம்பினார்கள். பாதிப் படியில் பிளஸ் டூ படிக்கும் மகள் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். "வெயில்டீ, இந்த மோரைக் குடி" என்றார் அம்மா.

வெயில் இல்லைங்க. மூன்று மாதமாக டிபன் பாக்ஸ் சோறு பள்ளிக்கூட வாசல் நாய்க்குப் போயிருக்கிறது! மாதவிலக்கும் நின்றுபோயிருந்தது.

'இதெல்லாம் வெள்ளைக்காரங்க வியாதி' என்று சொல்லாதீர்கள். சென்னையில் 210 மருத்துவ மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1998-லேயே வெளிவந்தது. அதில் 14.8 சதவீதம் பேருக்கு உணவு பற்றிய மன உளைச்சல் இருந்தது. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கே இந்த கதி! 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயதுப் பெண், குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து உயிரையே விட்டாள்.

நாம் என்ன செய்கிறோம்? "சாப்பிடு, சாப்பிடு" என்கிறோம். அவள் இன்னும் சாமர்த்தியமாக ஒளிக்கிறாள். என் கட்சி இதுதான்: அவள் கையில் இருக்கும் அதே செல்போனில், அவளே நடத்திப் பார்க்கிற கதை ஒன்று தமிழில் வேண்டும்.

அது எப்படி? கதையில் ஒரு பெண் தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். 'சாப்பிட்டாச்சுன்னு பொய் சொல்', 'அக்காகிட்ட சொல்'. இரண்டில் ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் போகும். பிடிக்கவில்லையா, திரும்பி வந்து மற்றதைத் தொடலாம். யாரும் பார்ப்பதில்லை, திட்டுவதில்லை. நிஜத்தில் வாய்க்கு வராத வார்த்தையை அங்கே சொல்லிப் பழகலாம். அம்மாவாகவும் ஆடிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. 'உனக்கென்னடி குறைச்சல்?' என்றதும் மகளின் அறைக்கதவு சாத்திக்கொள்வதை நாமும் பார்க்க வேண்டாமா!

புதுசா எதுவும் சொல்லவில்லை. 2025-ல் வந்த 'கன்ஸ்யூம் மீ' என்ற வீடியோ கேம், அதை உருவாக்கிய ஜென்னி ஜியாவ் ஷியா பள்ளி நாட்களில் டயட் என்று பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. கிளைக்கதை எழுத 'ட்வைன்' என்ற மென்பொருள் 2009-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் படிப்பு வேண்டியதில்லை. தமிழாசிரியை ஒருவரும் மனநல மருத்துவர் ஒருவரும் சேர்ந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இத்தனை கிலோ, இத்தனை கலோரி என்று கதையில் எண்ணே வரக்கூடாது. எப்படி வாந்தி எடுத்தாள், எப்படி ஒளித்தாள் என்ற விவரமும் வேண்டாம். எச்சரிக்கையாக நாம் எழுதுவதை, அவஸ்தையில் இருக்கும் பெண் பாடமாகப் படித்துக்கொள்வாள்.

கதை மருந்தாகாது. முடி கொட்டுவது, எப்போதும் குளிருது என்பது, சாப்பிட்டதும் குளியலறைக்கு ஓடுவது... இவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். 14416 டெலி-மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

அந்த செஞ்சிப் பெண்ணை விழுப்புரத்தில் மனநல மருத்துவரிடம் காட்டினார்கள். எடை மெஷினில் ஏறும்போது, "நம்பரை மட்டும் எங்கிட்ட சொல்லாதீங்க டாக்டர்" என்றாளாம். டாக்டர் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லி எழுதிக்கொண்டார்.